கில்ட் டயல்: துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

1950-கள், 60-களின் ரோலெக்ஸ், டியூடர் வாட்ச்கள் பலவற்றில் பளபளக்கும் கறுப்பு டயலும் பொன்னிற எழுத்தும் இருக்கும். கில்ட் டயல் என்பது இதைத்தான். பார்த்ததும் தங்க மையால் அச்சடித்திருக்கிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த நினைப்பிலிருந்துதான் பிறக்கின்றன.

உண்மையில் அந்த எழுத்து கறுப்புக்குக் கீழே இருக்கிறது. பித்தளைத் தகட்டில் எழுத்துகளையும் நிமிடக் கோடுகளையும் ஒரு காப்புப் பூச்சால் அச்சிடுவார்கள். அப்புறம் மின்முலாம் முறையில் கறுப்பு ஏற்றினால், காப்பு இல்லாத இடத்தில் மட்டும் அது படியும். காப்பைக் கழுவி எடுத்ததும் உள்ளே இருந்த பித்தளை எழுத்தாகத் தெரியும். மேலே லாக்கர் எனும் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு. மெழுகு வைத்த இடத்தில் சாயம் ஏறாத பாத்திக் துணியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலைதான்.

இது தெரியாமல் வாங்குவது முதல் தவறு. லென்ஸ் வைத்து, டயலைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். அசல் எழுத்து கறுப்புக்குள் அமுங்கியிருக்கும். பெயின்ட் அடித்துப் புதுப்பித்த டயலில் பொன்னிற மை மேடாக உட்கார்ந்திருக்கும். பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டி இணையத்தில் மலிவாக விற்கும் 'மும்பை' வாட்ச்களில் இப்படி மறுபடி அச்சடித்த டயல்கள் ஏராளம். அதற்காக, மேடாக ஓர் எழுத்தைக் கண்டதுமே போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1950-களின் சில சப்மரைனர்களில், அதாவது ரோலெக்ஸின் டைவிங் வாட்ச்களில், ஆழ அளவைச் சொல்லும் வரியை மட்டும் வெள்ளி நிறத்தில் மேலே அச்சடித்திருந்தார்கள்.

இரண்டாவது தவறுதான் என்னை அதிகம் வருத்துவது: துடைப்பது. அறுபது வயதான லாக்கர் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். ஈரத் துணியோ, திரவமோ, ஒருமுறை பட்டாலே போதும். நான் ஒருமுறை வாட்சை சர்வீஸுக்குக் கொடுத்தபோது எதுவும் சொல்லவில்லை. பழுதுபார்ப்பவர் நல்லெண்ணத்தில் டயலையும் சுத்தம் செய்து கொடுத்தார். வெள்ளி வரியில் பாதி போய்விட்டது. போனதைத் திரும்ப எழுதினாலும் அது அசலாகாது. அதனால் கொடுக்கும்போதே "டயலைத் தொட வேண்டாம், முள்ளைக் கழற்றும்போதும் கவனமாக இருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

டயலையே மாற்றிவிடுவதும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ரோலெக்ஸ் தன் விளையாட்டு மாடல்களில் வெள்ளை எழுத்து கொண்ட, பளபளப்பில்லாத மேட் டயலுக்கு மாறியது. அதன்பின் சர்வீஸுக்குப் போன பழைய வாட்ச்கள் பலவற்றில் கில்ட் டயல் போய்ப் புது டயல் வந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய டயலையும் முட்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொன்னிற முள்ளுக்குப் பதில் வெள்ளி முள் இருந்தாலும் ஏன் என்று விசாரியுங்கள்.

கறுப்பு பழுப்பாக மாறிய டயலை 'டிராபிகல்' என்பார்கள், கூடுதல் விலையும் கொடுப்பார்கள். ஆனால் எல்லாப் பழுப்பும் அதுவல்ல. சீராக, மென்மையாக நிறம் மாறியிருந்தால் சரி. திட்டுத்திட்டாக லாக்கர் கொப்பளித்து, பித்தளையில் பச்சை படர்ந்திருந்தால் அது உள்ளே புகுந்த ஈரத்தின் வேலை.

கடைசியாக, இருட்டில் ஒளிரும் புள்ளிகள். நம் ஊரில் ஒளிரும் எதையுமே 'ரேடியம்' என்கிறோம். 1960-களின் தொடக்கம் வரை வந்த இந்த டயல்கள் பலவற்றில் இருப்பது நிஜமான ரேடியமே. அதனோடு கலந்த துத்தநாக சல்பைடு தேய்ந்துபோனதால் ஒளி இருக்காது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள், கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும். ஒளியில்லையே என்று வீட்டில் திறந்து சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். பிறகு ரேடியத்துக்குப் பதில் வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம். அதனால் 1964-ஆம் ஆண்டு டயல் ஒன்று இன்றும் இரவெல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தால், யாரோ புதிதாக மருந்து பூசியிருக்கிறார்கள். விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.