வெயிலூரில் லீ சாங்-டாங்: ஆறு படங்களையும் எந்த வரிசையில் பார்ப்பது?

தென்கொரிய இயக்குநர் லீ சாங்-டாங் 1997 முதல் 2018 வரை இயக்கிய முழுநீளப் படங்கள் ஆறு. வாரத்துக்கு ஒன்றாக ஒன்றரை மாதத்தில் பார்த்துவிடலாம் என்று வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை இரவுகளில் தொடங்கினோம். வெளியான வரிசையிலேயே தொடங்கியதுதான் நான் செய்த தவறு. முதல் படமான ‘கிரீன் ஃபிஷ்’ தாதாக்களின் கதை என்பதால், வழக்கமான அடிதடிப் படம் என்று எண்ணிய பாதிப்பேர் அடுத்த வாரம் வரவில்லை.

ஆகவே, படத்தைப் போடுவதற்கு முன் அவர் வந்த வழியைச் சொல்லிவிடுங்கள். 1954இல் தேகு நகரில் பிறந்த அவர், பள்ளியில் மொழியாசிரியராக இருந்து, கதைகளும் நாவலும் எழுதி, பிறருக்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்து, நாற்பது வயதைக் கடந்த பிறகே இயக்குநரானார்; இடையே 2003இலும் 2004இலும் நாட்டின் கலாச்சார அமைச்சராகவும் இருந்தார். ஒரு தேர்ந்த சிறுகதையாசிரியரைப் படிக்கும் பொறுமையோடு அவர் படங்களை அணுக வேண்டும்.

முதலில் ‘பொயட்ரி’யைப் போடுங்கள். 2010இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு பெற்ற இப்படத்தில், மறதி நோயின் தொடக்கத்திலிருக்கும் 66 வயது மிஜா, பேரன் செய்த குற்றத்தின் சுமையோடு கவிதை வகுப்புக்குப் போகிறாள். ஆசிரியர் ஓர் ஆப்பிளைக் காட்டி, இதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள் என்று கேட்டு, உண்மையில் நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்கிறார். அந்த இடத்தில் நாங்கள் படத்தை நிறுத்திவிட்டு, தட்டிலிருந்த ஒரு கொய்யாவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். அதன் அடியில் உலர்ந்து கருத்திருந்த சிறு கிரீடத்தை என் அம்மா அன்றுதான் கவனித்ததாகச் சொன்னார். அதன் பிறகு அவர் ஒரு வாரமும் தவறவிடவில்லை.

அடுத்தது ‘பெப்பர்மின்ட் கேண்டி’. 1999இல் தண்டவாளத்தில் நிற்கும் ஒருவனின் வாழ்க்கையை 1979 வரை பின்னோக்கிச் சொல்லும் படம் இது. 1980 மே மாதத்தில் குவாங்ஜு நகர மக்களின் எழுச்சியை ராணுவம் சுட்டு ஒடுக்கியதையும், 1997இல் கொரியப் பொருளாதாரம் சரிந்ததையும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கதை பிடிபடும். அத்தியாயங்களுக்கு இடையே வரும் ரயில் காட்சிகளில் திரையின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ரயில் முன்னால் போவதாகத்தான் தோன்றும், பக்கத்துச் சாலையில் வண்டிகள் பின்னோக்கி ஓடுவதைக் கண்ட பிறகே காலம் திரும்புவது புரியும். காட்பாடி சந்திப்பில் ரயில் பார்த்து வளர்ந்தவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மூன்றாவதாக ‘சீக்ரெட் சன்ஷைன்’. கதை நடக்கும் மிர்யாங் என்ற ஊரின் பெயருக்கு ‘மறைவான வெயில்’ என்று பொருள். வெயிலூர் என்றே பெயரெடுத்த நம் ஊரில் அந்தப் பொருளை விளக்கத் தேவையே இருக்காது. மகனை இழந்த தாயாக நடித்த ஜியோன் டோ-யியோன் 2007இல் கானில் சிறந்த நடிகையானார். கடைசியில் முற்றத்து மண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து முடியும் வரை விளக்கைப் போடாதீர்கள்.

‘ஒயாசிஸ்’ மனத்தை உலுக்குவது என்பதால் இதற்குப் பிறகே வரட்டும்; குழந்தைகள் வேண்டாம். வட கொரிய எல்லையை ஒட்டிய பாஜுவில் நடக்கும் ‘பர்னிங்’ விடை சொல்லாமல் முடியும் படம். அதற்கான விளக்கங்களை முன்கூட்டிப் படிக்காமலும், முடிந்த இரவிலேயே விவாதிக்காமலும் இருப்பது நல்லது.

இவற்றுக்குப் பிறகு ‘கிரீன் ஃபிஷ்’ஷைப் போடுங்கள். ராணுவத்திலிருந்து திரும்பும் இளைஞன், தன் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிக் கிடப்பதைக் காண்கிறான். புறவழிச்சாலை ஓரத்தில் தாத்தாவின் நெல்வயல் மனைப்பிரிவாகி எல்லைக்கல் நட்டிருப்பதைப் பார்த்த என் நண்பன் ஒருவன், முதல் முறை பாதியில் எழுந்துபோனவன், இரண்டாவது முறை அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னான்.