செண்டுமல்லி வைத்தும் சுரை காய்க்கவில்லையா?

சுரைப் பந்தலுக்கு ஓரமாக இரண்டு வரிசை செண்டுமல்லி வைத்தேன். பூ இருந்தால் தேனீ வரும், தேனீ வந்தால் காய் பிடிக்கும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? தேனீ என்னவோ வந்தது, காலை முழுக்கச் செண்டுமல்லியை மொய்த்தது. சுரையில் மட்டும் பெண் பூவுக்குக் கீழே இருக்கும் குட்டிப் பிஞ்சு மூன்று நாளில் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் பொழுது சாய்ந்தபின் டார்ச்சோடு பந்தலடிக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளை வெளேரென்று பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. சுரை அந்தியில் பூப்பது. காலை வெயில் ஏறுவதற்குள் இதழ் துவண்டுவிடும். அதைத் தேடி வருபவை பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். பகலில் வரும் தேனீக் கூட்டத்தால் அதற்கு என்ன லாபம்?

பக்கத்துச் செடி விஷயத்தில் பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்: இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கின்றனவா என்று பார்ப்பதில்லை. புடலையும் சுரையைப் போல அந்திக் கட்சி. பீர்க்கு சாயங்காலமே விரிந்துவிடும். பூசணியும் பாகலும் காலைப் பூக்கள். சுரைக்குத் துணை வைப்பதென்றால் அந்திமந்தாரை பொருத்தம். அவசரமென்றால் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நாமே தடவிவிடலாம். நான் அப்படித்தான் அந்த வருஷக் காய்ப்பைக் காப்பாற்றினேன்.

நேரம் சரியாக இருந்தாலும் வருகிற ஆள் மாறிப்போகலாம். கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் குழல் போன்ற பைக்குள் இருக்கும், நுனியில் சின்னத் துளைதான். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் அது கொட்டும். அடுக்குத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது, மரக்கட்டையைத் துளைக்கும் கருவண்டுக்குத் தெரியும். அதற்குப் பிடித்தது துவரை, கிலுகிலுப்பை மாதிரிப் பூக்கள். கத்தரி தன் மகரந்தத்திலேயே ஓரளவு காய்த்துவிடும் என்பதால் இந்தக் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

வகைக்கு ஒரு செடி என்று கதம்பமாக நடுவதும் வீண்தான். தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவாகத் தேடித்தேடிப் போகும். ஒற்றைச் செடியின் நாலு பூவுக்காக அது மெனக்கெடாது. கும்பலாக நடுங்கள்.

சரி, வரக்கூடாததும் வருமே? தக்காளிக் காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லியைப் பொறிப்பயிராக வைப்பது தெரிந்ததுதான். தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டுச் செண்டுமல்லி மொட்டில் முட்டையிடும். 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி என்பது கணக்கு. 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் செண்டுமல்லி நாற்றை நட்டால்தான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். இரண்டையும் ஒரே வயதில் நட்டுவிட்டு 'பலிக்கவில்லை' என்பவர்கள் ஒரு ரகம். சரியாக நட்டும், செண்டுமல்லியில் சேர்ந்த புழுவைப் பொறுக்காமல் விடுபவர்கள் இன்னொரு ரகம். இவர்கள் காசு கொடுத்துப் புழு வளர்க்கிறார்கள்.

பழ மரங்களில் கதை வேறு. கொய்யாவைக் காப்பாற்றத் தேன்பழ மரம் வை, பறவையெல்லாம் அங்கே போய்விடும் என்பார்கள். சிலர் இதைச் சர்க்கரைப்பழம் என்பார்கள். வைத்தேன். வருஷம் முழுக்கப் பழுக்கும் மரம், அதனால் விருந்தாளிகளும் வருஷம் முழுக்க வந்தார்கள். பகலில் குக்குறுவானும் குயிலும், இருட்டினால் வௌவால். தேன்பழத்துக்கு வந்த வௌவால் பத்தடி தள்ளியிருக்கும் கொய்யாவையா விட்டுவைக்கும்? இத்தனை நெருக்கமாக வைத்தது என் தவறு. வைத்தே ஆகவேண்டுமென்றால் தோட்டத்தின் மறுகோடியில் வையுங்கள்.

அந்த மரத்துக்கு வந்த இன்னொரு ஆள், கட்டைவிரல் அளவே இருக்கும் பூங்கொத்திக் குருவி. தேன்பழம் போலவே, மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சி வளரும் புல்லுருவியின் பழமும் அதற்கு உயிர். புல்லுருவி விதை பசைபோல் ஒட்டும், எச்சத்தோடு வந்தாலும் சுலபத்தில் விழாது. குருவி கிளையில் தேய்த்துத்தான் கழற்றும். பக்கத்து மாமரத்தில் இப்போது மூன்று இடத்தில் புல்லுருவி முளைத்திருக்கிறது. அது பூத்துப் பழுப்பதற்குள், ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு சேர்த்து வெட்டவேண்டும். நாளைக்கு ஏணி கேட்டிருக்கிறேன்.