டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்: பிள்ளைகளோடு காரில் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 570 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது பெரியவர்களின் கணக்கு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நிற்காமல் போகும் அவசரத்தில்தான் மற்ற தவறுகளில் பாதி நடக்கின்றன.

கைக்குழந்தை அழுகிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தாய் அதை இருக்கையிலிருந்து எடுத்துப் பால் கொடுக்கிறாள். மிக ஆபத்தான பழக்கம் இது. மோதல் நேர்ந்தால் எவ்வளவு வலுவான கையாலும் குழந்தையைப் பிடித்துவைக்க முடியாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குழந்தை இருக்கை வேண்டும் என்பது 2015 மே முதல் இங்கே சட்டம். அதற்காக மணிக்கணக்கில் அதிலேயே விட்டுவைப்பதும் தவறு. தலை முன்னே சாய்ந்து தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுப்பாதை குறுகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். வழியிலுள்ள மூய் ரிவர், ஹாரிஸ்மித், வில்லியர்ஸ் ஆகிய மூன்று ஊர்களும் அதற்கு ஏற்ற இடைவெளியில் இருக்கின்றன.

வழியில் மலையைக் கடக்கும் வான் ரீனன் கணவாய் நெருங்கியதும் குளிர்கிறதென்று தடித்த ஜாக்கெட்டை மாட்டி, அதன்மேல் இருக்கைப் பட்டை போடுகிறார்கள். மோதலில் ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கிவிடும், பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையின்மேல் பட்டையை இறுக்குங்கள். தோளருகே பட்டையை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. போர்வையை அதன் பிறகு மேலே போர்த்தலாம்.

வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடுவது இன்னொரு தவறு. அசைவைக் காது உணர்கிறது. மடியிலுள்ள திரையைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாகிறது. அதனால் வளைவுகளில் டேப்லெட்டை வாங்கி வைத்துவிட்டு, முன்னே தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். பயண மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். அளவை மருந்தாளுநரிடம் கேளுங்கள், இரண்டு வயதுக்குள் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம். கொட்டாவி, வெளிறிய முகம், திடீர் மௌனம் என்று பிள்ளை முன்னரே அறிகுறி காட்டிவிடும். வாந்திக்குப் பின் தாகமென்று ஒரு டம்ளர் நீர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் எட்டு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல், கண்ணளவில் போடாதீர்கள்.

பாட்கோஸுக்கு, அதாவது வழிச்சாப்பாட்டுக்கு, பிரியாணியைத் துண்டில் சுற்றி டிக்கியில் வைப்பது டிசம்பர் வெயிலில் கூடவே கூடாது. வெந்த சோற்றில் தப்பிப் பிழைத்த கிருமிகள் வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, மறுபடி சூடாக்கினாலும் அது போகாது. வெளியே இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரே மணி நேரம், அதுவே எல்லை. வெறும் ரொட்டி, வாழைப்பழம், ஜூலை விடுமுறையில் நார்ச்சி என்ற சிறு ஆரஞ்சு போதும். (நம் நாரத்தையிலிருந்து வந்த பெயர்தான் அது.)

பெட்ரோல் நிலையத்தில் ‘தூங்குகிறது, எழுப்ப வேண்டாம்’ என்று பிள்ளையைக் காரில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிதாகக் குறையாது.

திரும்பி வரும்போது கணவாய் இறக்கத்தில் காது அடைக்கும். கைக்குழந்தை தூங்கினால் எழுப்பி, சூப்பியைக் கொடுத்துச் சப்ப விடுங்கள். பெரிய பிள்ளைகள் தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கட்டும்.

2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பனி கொட்டி, வண்டிகள் இரவெல்லாம் சாலையிலேயே நின்றன. வசந்தம் வந்துவிட்டதென்று போர்வையை வீட்டில் விட்டுவிடாதீர்கள். ஆளுக்கொரு போர்வை, இரண்டு லிட்டர் நீர், ஒரு நாளைக்குக் கூடுதலான டயப்பர், பால்மாவு, எல்லாம் டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில். கைபேசியிலிருந்து அவசர எண் 112, ஆம்புலன்ஸுக்கு 10177.