மசில் காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மசில் கார், அதாவது பெரிய என்ஜின் போட்ட பழைய அமெரிக்க வேகக் காருக்குக் கியர்பாக்ஸ் தேடுபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, 'எது அதிக பவர் தாங்கும்?' என்றுதான். அப்படிக் கேட்டால் டர்போ 400 (ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி) என்றுதான் பதில் வரும். நல்ல பெட்டிதான், சந்தேகமே இல்லை. ஆனால் 300 குதிரைத்திறன் 350 கன அங்குல என்ஜின் உள்ள 1969 செவ்ரோலே கமாரோவுக்கு அது வீண் சுமை. எடை அதிகம், தான் சுழலவே என்ஜின் சக்தியில் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த வண்டிக்கு, அதே மூன்று கியரில் சிறிய பெட்டியான டர்போ 350 தாராளம். பந்தயக்காரர்கள் கொண்டாடும் பவர்கிளைடுக்கு இரண்டே கியர். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது பின் அச்சின் விகிதம், அதாவது பின் சக்கரம் ஒரு முறை சுழல புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்பது. 3.73 அச்சு, 26 அங்குல டயர் என்று வையுங்கள். மூன்று கியர் பெட்டியில் மணிக்கு 65 மைல் போனால் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,100 சுற்று சுற்றும். நாலாவது கியர் 0.70 ஆக உள்ள 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியைப் போட்டால் அதுவே 2,200க்கு இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. அதே பெட்டியை 3.08 அச்சோடு சேர்த்தால் 1,800 சுற்றுதான் வரும். பெரிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட என்ஜின் அங்கே திணறும்.

சரி, 700ஆர்4 என்று முடிவு செய்தாயிற்று. பலர் பெட்டியைக் கெடுத்துக்கொள்வது இதற்கு அப்புறம்தான், கார்புரேட்டரையும் பெட்டியையும் இணைக்கும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் விஷயத்தில். டர்போ 350இலும் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் வரும். அதன் வேலை, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்குவது மட்டுமே. 700ஆர்4இல் இருப்பதும் அதே கேபிள்தான் என்று நினைப்பது பெரும் தவறு. இங்கே பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிப்பது அந்தக் கேபிள்தான். தளர்ந்தால் அழுத்தம் குறையும், கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். மூன்றாவது, நாலாவது கியர்களுக்கான 3-4 கிளட்ச்தான் பெரும்பாலும் முதலில் போகும். கியர் சீக்கிரம் மாறட்டும் என்று கேபிளைத் தளர்த்தவே கூடாது.

என்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் முழுதாகத் திறக்கும் அதே இடத்தில் கேபிளும் முழுக்க இழுபட்டு நிற்க வேண்டும். வேறு கம்பெனி கார்புரேட்டர் என்றால் கேபிள் மாட்டும் இடத்தின் கோணம் மாறிவிடும். அதைச் சரிசெய்யும் பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். கேபிளைச் சரியாக வைக்கும் வரை வண்டியைத் தெருவுக்கே எடுக்காதீர்கள்.

அளவும் முக்கியம். கமாரோவில் இருக்கும் குட்டை வால் (பின்பகுதி குட்டையான) டர்போ 350ஐ விட 700ஆர்4 சுமார் 3 அங்குலம் நீளம். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரைப் பின்னால் தள்ளி, பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்க வேண்டும். இன்னொரு நான்கு கியர் பெட்டியான 200-4ஆர் போட்டால் ஷாஃப்ட் வேலை மிச்சம், கிராஸ்மெம்பர் வேலை மட்டும் இருக்கும். என்ஜினோடு சேரும் போல்ட் துளைகளையும் பாருங்கள்: பழைய போன்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் என்ஜின்களின் துளை அமைப்பு வேறு, செவ்ரோலேயுடையது வேறு.

கடைசியாக, என்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டர். சாதாரண கேம் உள்ள என்ஜினுக்கு ரொம்ப அதிக ஸ்டால் வேகம் (கன்வர்ட்டர் நன்றாகப் பிடிக்கத் தொடங்கும் என்ஜின் வேகம்) உள்ள கன்வர்ட்டர் போட்டால் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அது வழுக்கிக்கொண்டே எண்ணெயைச் சூடாக்கும். கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டும் 700ஆர்4இன் லாக்அப் ஒயரை இணைக்காமல் விட்டாலும் நெடுஞ்சாலையில் அதே கதிதான். ஒயரிங்கை முதல் நாளே முடித்துவிடுங்கள், ரேடியேட்டருக்கு முன்னால் தனி எண்ணெய் கூலரும் வையுங்கள்.