கணினியைத் துப்புரவாக்க எந்த மென்பொருளை நம்பலாம்?

செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சில வாரங்களுக்கு முன்பு தம் மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தார். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்பவர் அவர். திரையில் சிவப்பு எழுத்தில், கணினியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் உள்ளன என்றும், பணம் கட்டினால் நீக்கப்படும் என்றும் ஓர் அறிவிப்பு நின்றது. "இத்தனை பிழைய வச்சிக்கிட்டு இது எப்படி தம்பி ஓடுது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. சோதனைக்கென்றே நான் வைத்திருக்கும், அன்று காலையில்தான் விண்டோஸை மறுபடியும் நிறுவியிருந்த கணினியில் அதே மென்பொருளை ஓட்டிக் காட்டினேன்; அதிலும் நூற்றுக்கணக்கான பிழைகளைக் கண்டுபிடித்தது.

இலவசமாகச் சோதித்து, அச்சுறுத்தி, பிறகு பணம் கேட்கும் மென்பொருளை உடனே நீக்கிவிடுங்கள். அமெரிக்காவில் ஆஃபிஸ் டிப்போ கடைகளில் நடந்த கணினிச் சோதனையில், வாடிக்கையாளர் சொன்ன குறைகளை வைத்து ஊழியர் கட்டத்தில் குறியிட்டாலே, சோதனை எதைக் கண்டாலும் தீநிரலின் அறிகுறி இருப்பதாகவே முடிவு வந்தது. அதற்காக அந்நிறுவனமும் மென்பொருளை வழங்கிய நிறுவனமும் 2019இல் 3 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. விண்டோஸுடனேயே வரும் பாதுகாப்பு மென்பொருளான விண்டோஸ் டிஃபென்டரும் 2018 மார்ச் முதல் இவ்வாறு மிரட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்களை வேண்டாதவை என வகைப்படுத்தி வருகிறது.

வேறெதையும் பதிவிறக்குவதற்கு முன், விண்டோஸிலேயே இருப்பதைப் பயன்படுத்திப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் ஸ்டோரேஜ், அதனுள் டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால், எந்தக் குப்பை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது தெரியும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும்; அதை மட்டும் தெரியாமல் குறியிட்டுவிடாதீர்கள், ஏனெனில் பலருடைய பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழும் கோயில் கணக்கும் அங்கேதான் கிடக்கின்றன. கணினி திறக்க நேரமாகிறது என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையற்றவற்றை முடக்கலாம். பெரும்பாலானோருக்கு இவ்வளவே போதும்.

விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்பு விவரங்களைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லும் எதுவும் தேவையில்லை. அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. அங்கிருந்து சில பதிவுகளை நீக்குவதால் கிடைக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாது, தவறானதை நீக்கிவிட்டாலோ விண்டோஸே எழாமல் போகக்கூடும்.

அதற்கு மேலும் ஒரு கருவி வேண்டுமென்றால், விளம்பர நிரல்களை அகற்ற ஏட்டபிள்யூகிளீனர், தற்காலிகக் கோப்புகளை அழிக்கத் திறமூல மென்பொருளான பிளீச்பிட் ஆகிய இரண்டையும் நான் பரிந்துரைப்பேன். பிளீச்பிட்டில் அழிக்கும் முன் பிரிவியூ பொத்தானை அழுத்திப் பார்ப்பது கட்டாயம். பாஸ்வேர்ட்ஸ் என்ற கட்டத்தில் குறியிட்டால், உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் போய்விடும்.

எதுவானாலும் கூகுளில் தேடி, முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தட்டாமல், தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். எடுத்த கோப்பின்மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியைத் திறந்தால் கையொப்பமிட்டவரின் பெயர் இருக்கும். ஏட்டபிள்யூகிளீனரில் அது மால்வேர்பைட்ஸ் என்றிருக்க வேண்டும். பிறகு அந்த நிறுவல் கோப்பை, பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கொண்டு சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதிக்கலாம், ஆனால் சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றக் கூடாது. நிறுவும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால், கூடவே வரும் வேறு மென்பொருளுக்கும் நீங்களே சம்மதம் சொன்னதாகிவிடும்.

இத்தனையும் பார்த்தாலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில், கணினியைத் துப்புரவாக்கும் மென்பொருளான சீகிளீனரின் 5.33 பதிப்பு, அதிகாரபூர்வத் தளத்திலேயே, முறையான கையொப்பத்துடனேயே, உள்ளே தீநிரலைச் சுமந்து ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளைச் சென்றடைந்தது. ஆகையால்தான், தேவையில்லாததை நிறுவாமல் இருப்பதையே நான் முதலில் சொல்கிறேன்.

அந்த ஐயாவின் மடிக்கணினி மெதுவாக ஓடியதற்குக் காரணம் மென்பொருளே அன்று. பின்மூடியைக் கழற்றியபோது, செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகள் கிளப்பும் செம்மண் தூசி விசிறியில் கம்பளிபோல் படிந்திருந்தது. உள்ளே இருந்ததும் பழைய சுழல்தட்டு வன்வட்டு. தூசியைத் துடைத்து, வன்வட்டுக்குப் பதிலாகச் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தியதும் கணினி ஒரு நிமிடத்திற்குள் திறந்தது.

அவர் பணம் கட்டியிருக்கவில்லை. ஏற்கனவே வங்கி அட்டை விவரங்களைக் கொடுத்துவிட்டவர்களும், தொலைவிலிருந்து கணினியை இயக்க எவரையேனும் அனுமதித்துவிட்டவர்களும், உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, தங்கள் வங்கியையும் மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழைத்துவிட்டு, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.