மாண்ட்வா படகு ஏறும் முன் கடல் முன்னறிவிப்பைப் பார்ப்பது எப்படி

மும்பை மாட்டுங்கா வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தால், மழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு கேட்வே ஆஃப் இந்தியாவில், அக்கரையில் இருக்கும் மாண்ட்வாவுக்குப் படகு ஏறக் கிளம்பிவிடுவோம். அது போதாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற அரசுக் கடல் தகவல் மையத்தின் இணையதளத்தில் அலை உயரத்தைப் பாருங்கள். 2 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அது, நடுவே ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்குகூட எழும்பலாம். அப்புறம் அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளி, இதைத்தான் யாரும் பார்ப்பதே இல்லை: 15 வினாடிக்கு மேல் என்றால் பெரும்பாலும் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையில் வந்து அறையும். காற்று வேகம் 'நாட்' கணக்கில் இருக்கும், 1.85-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். மீனவர்களுக்கு எச்சரிக்கை போட்டிருந்தால் டிக்கெட் காசு போனால் போகட்டும், ஒரு வடாபாவ் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.