அமெரிக்காவில் குடியேறிய ஸ்வீடன்காரர்களின் ஆலய வரலாற்றைத் தேடுவது எப்படி?

ஊர்ப் பெருமையிலிருந்து தொடங்காதீர்கள். சபைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 1860 முதல் 1962 வரை அமெரிக்காவில் இயங்கிய, ஸ்வீடன் வழி லூத்தரன் சபைகளின் கூட்டமைப்பான அகஸ்தானா சினாடைச் சேர்ந்த சபை என்றால், முதலில் இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் உள்ள, ஸ்வீடன் குடியேற்றத்தை ஆராயும் ஸ்வென்சன் ஆய்வு மையத்தில் விசாரியுங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆண்டர்சன் என்றால் ஆண்டர்ஸ் என்பவரின் மகன், அவ்வளவுதான். ஒரே பக்கத்தில் அதே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். பிறந்த தேதியையும் ஸ்வீடனில் விட்டுவந்த ஊரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தையும் வாசியுங்கள். அதே மாநிலத்தின் ஆண்டோவரில், பாடகி ஜென்னி லிண்ட் தந்த 1,500 டாலர் உதவியோடு எழுந்த சிற்றாலயம் கோபுரமின்றி நின்றது. கோபுரத்துக்கென வைத்திருந்த மரம், காலராவில் இறந்தவர்களுக்குச் சவப்பெட்டியானது. இதை அறிந்த நாள்முதல் அடக்கப் பதிவுகளைத்தான் நான் முதலில் புரட்டுகிறேன். ஒரே வாரத்தில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பெயர்கள் வந்தால், அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்.